பட்டமா, பட்டயமா? தனியார் பிசினஸ் ஸ்கூல்களும் இந்திய மேலாண்மைக் கல்வியும்

கேட், எக்ஸ்ஏடி, டான்செட் என்று நுழைவுத் தேர்வு முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் மாதங்களில், மேலாண்மைப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களின் வீடுகளில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப எழுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரி எம்பிஏ பட்டம் தருகிறது, கட்டணமும் குறைவு. சென்னையிலோ மும்பையிலோ உள்ள தனியார் நிறுவனம் பிஜிடிஎம் என்ற பட்டயத்தைத் தருகிறது. கட்டணமோ பல மடங்கு அதிகம். இன்னொரு நிறுவனம் அரசு அனுமதியைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் அதில் இடம் கிடைப்பதுதான் மிகக் கடினம். பட்டத்தைவிடப் பட்டயம் கீழானது என்று கேட்டே வளர்ந்த குடும்பங்களுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிவதில் வியப்பில்லை.

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களைக் குறைசொல்ல முடியாது. இந்தியச் சட்டம் பட்டம் வழங்கும் உரிமையை ஓரிடத்திலும், தொழிற்கல்விக்கு அனுமதி தரும் பொறுப்பை வேறோர் இடத்திலும், தரத்தைச் சோதிக்கும் வேலையை மற்றோர் இடத்திலும் வைத்திருக்கிறது. இவற்றுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் வளர்ந்தவைதான் தனியார் பிசினஸ் ஸ்கூல்கள். அந்த இடைவெளி அவற்றுக்குப் பெரும் சுதந்திரம் கொடுத்தது. அந்தச் சுதந்திரத்தால் நல்ல கல்வியும் விளைந்தது. கண்காணிப்பு இல்லாத இடங்களில் மாணவர்களின் பணமும் காலமும் வீணாயின. ஒரு நிறுவனத்தை எடைபோட வேண்டுமானால், அதற்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது, அதை யார் கேள்வி கேட்க முடியும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## பட்டம் தரும் உரிமை யாருக்கு?

1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், அதே சட்டத்தின் 3ஆவது பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டத்தால் தனியே அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். எம்பிஏ ஒரு பட்டம். ஆகவே இந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு நிறுவனம், எவ்வளவு சிறந்த ஆசிரியர்களை வைத்திருந்தாலும், தன் பெயரில் எம்பிஏ தர முடியாது.

அறக்கட்டளையோ பதிவுபெற்ற சங்கமோ நடத்தும் தனியார் நிறுவனத்துக்கு அப்போது இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்துடன் இணைவது. அப்போது பட்டம் கிடைக்கும். ஆனால் பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் ஆகியவற்றில் பல்கலைக்கழகம் சொல்வதே முடிவு. மற்றொன்று, தனித்து நின்று பட்டயம் தருவது. அப்போது பட்டம் என்ற பெயர் இல்லை; பாடத்தையும் தேர்வையும் ஆசிரியர் குழுவே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டாவது பாதைக்கு வாசல்காப்பாளர் ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு. 1945இல் ஆலோசனை அமைப்பாகத் தொடங்கி, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குமுறை அதிகாரம் பெற்றது. அதன் அதிகார எல்லைக்குள் மேலாண்மைக் கல்வியும் வருகிறது. தனித்து நிற்கும் நிறுவனங்களின் பிஜிடிஎம் படிப்புக்கு அனுமதி தருவதும், எத்தனை இடங்கள் என்று வரையறுப்பதும் ஏஐசிடிஇதான். பல்கலைக்கழகங்கள் தங்கள் துறைகளில் நடத்தும் படிப்புகளுக்கு ஏஐசிடிஇயின் முன்அனுமதி தேவையில்லை என்று பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பல்கலைக்கழகத் துறையின் எம்பிஏவில் ஏஐசிடிஇ முத்திரை இல்லாவிட்டால் அது போலி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

## ஐஐஎம்களே பட்டயம் தந்த காலம்

பிஜிடிஎம் என்பது பட்டம் தர முடியாத தனியார் கண்டுபிடித்த மாற்றுப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு.

1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம்கள் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தொடங்கப்பட்டபோது, அவற்றைப் பல்கலைக்கழகமாக ஆக்காமல் பதிவுபெற்ற சங்கங்களாகவே அமைத்தார்கள். கல்கத்தாவுக்கு எம்ஐடியின் ஸ்லோன் பள்ளியும் அகமதாபாத்துக்கு ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் தொடக்க காலத்தில் துணைநின்றன. பல்கலைக்கழக நடைமுறையின் பிடியில் சிக்கினால் புதிய பாடமுறையைக் கொண்டுவர முடியாது என்ற எண்ணம் இந்த ஏற்பாட்டில் இருந்தது. அதற்கு ஐஐஎம்கள் கொடுத்த விலை, பட்டம் வழங்கும் உரிமை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவை முதுநிலைப் பட்டயமே வழங்கின. ஆய்வு மாணவர்களுக்கும் முனைவர் பட்டத்துக்குப் பதிலாக 'ஃபெல்லோ' என்ற தகுதியே கிடைத்தது. இந்தியத் தொழில்துறையின் பல தலைமைச் செயல் அலுவலர்கள் பட்டயம் பெற்றவர்களே. அதனால்தான் மேலாண்மைத் துறையில் பட்டயம் என்ற சொல்லுக்கு மற்றத் துறைகளில் உள்ள தாழ்வு ஒட்டவில்லை.

2017ஆம் ஆண்டின் ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஐஐஎம்கள் எம்பிஏ பட்டம் வழங்கத் தொடங்கின. தனியார் நிறுவனங்களுக்கு இது சிறிய மாற்றமன்று. "ஐஐஎம்மும் பட்டயம்தானே தருகிறது" என்று அதுவரை அவை சொல்லிவந்த பதில் அன்றோடு போயிற்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவோ தனியார் பல்கலைக்கழகமாகவோ மாறவேண்டும் என்ற ஆவல் பல நிறுவனங்களில் வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

## இன்று இருக்கும் நான்கு வகை

விளம்பரங்கள் எல்லாவற்றையும் ஒரே குடையின்கீழ் 'பிசினஸ் ஸ்கூல்' என்று அழைத்தாலும், சட்டத்தின் கண்ணில் அவை நான்கு வகைப்படும்.

1. பல்கலைக்கழகத்துடன் இணைந்த தனியார் கல்லூரிகள். பட்டம் பல்கலைக்கழகத்தினுடையது. தமிழ்நாட்டில் டான்செட் மதிப்பெண், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, அரசு ஒதுக்கீடு ஆகியவை இந்த வகைக்குத்தான் பொருந்தும்.

2. தனித்து நிற்கும் பிஜிடிஎம் நிறுவனங்கள். ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்எல்ஆர்ஐ, மும்பையின் எஸ்பிஜேஐஎம்ஆர், சென்னை லயோலா கல்லூரி வளாகத்தில் 1979 முதல் இயங்கும் லிபா, மாமல்லபுரம் அருகே உள்ள கிரேட் லேக்ஸ் ஆகியவை இங்கே வருகின்றன. கேட், எக்ஸ்ஏடி, சிமேட் போன்ற தேர்வுகளின் அடிப்படையில் சேர்க்கையை நிறுவனமே நடத்துகிறது.

3. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் மாநிலச் சட்டத்தால் அமைந்த தனியார் பல்கலைக்கழகங்களும். இவை சொந்தப் பெயரில் எம்பிஏ தரலாம். 1970இல் சென்னையில் தொடங்கிய ஐஎஃப்எம்ஆர், பின்னர் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா பல்கலைக்கழகத்தின் அங்கமானது, இரண்டாவது வகையிலிருந்து மூன்றாவதுக்கு நகர்ந்த நிறுவனத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு.

4. ஏஐசிடிஇ அனுமதியும் பட்டம் தரும் அதிகாரமும் இல்லாமல் சான்றிதழ் தருபவை. இந்த வகையில் ஹைதராபாதின் ஐஎஸ்பியும் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) இருக்கிறது. பெயர்ப்பலகையை மட்டும் நம்பி நடக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

நான்காவது வகையில்தான் அதிக எச்சரிக்கை தேவை. 2001இல் முதல் வகுப்பைத் தொடங்கிய ஐஎஸ்பி, ஏஐசிடிஇ அனுமதி இல்லாமலே இயங்கி, பன்னாட்டுத் தரச்சான்றுகளையும் முன்னாள் மாணவர்களின் வலிமையையும் கொண்டு தனக்கென நம்பகத்தை உருவாக்கிக்கொண்டது. அதைக் காட்டி "அனுமதி தேவையே இல்லை" என்று வாதிடும் மற்ற நிறுவனங்களிடம் அந்தத் தரச்சான்றுகள் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். நாடெங்கும் முழுப்பக்க விளம்பரங்களால் பெயர்பெற்ற ஒரு நிறுவனம், எம்பிஏ, மேலாண்மைப் படிப்பு, பிசினஸ் ஸ்கூல் ஆகிய சொற்களைத் தன் படிப்புகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடைவிதித்தது. அதற்கு முன்பே அங்கே படித்து முடித்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு காலங்கடந்தே வந்தது.

நான்கில் எதிலும் அடங்காத கலப்பு வடிவங்களும் உண்டு. திருச்சியில் 1984இல் தொடங்கிய பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமிருந்து பெற்றாலும், நிர்வாகத்தில் தன்னாட்சியோடும் தொழில்துறைத் தொடர்போடும் வளர்ந்தது. தமிழ்நாட்டில் இந்த மாதிரி இன்னும் பல இடங்களில் பின்பற்றப்படாமல் போனது வருத்தத்துக்குரியது.

## தனியார் பள்ளிகள் என்ன செய்தன?

முதல் ஐஐஎம்முக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1949இல், ஜாம்ஷெட்பூரில் இயேசு சபையினர் எக்ஸ்எல்ஆர்ஐயைத் தொடங்கிவிட்டார்கள். உருக்காலை நகரத்தில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்ற தேவை அதன் பெயரிலேயே இருந்தது: சேவியர் தொழிலாளர் உறவுகள் நிறுவனம். தொழிற்சங்கம், கூலிப் பேச்சுவார்த்தை, தொழிலாளர் சட்டம் ஆகியவற்றிலிருந்து வளர்ந்த அந்த மரபால், மனிதவள மேலாண்மைக்கு இன்றும் நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் எக்ஸ்எல்ஆர்ஐதான்.

பெரிய பல்கலைக்கழகம் கண்டுகொள்ளாத ஒரு குறிப்பிட்ட துறையைத் தேர்ந்துகொண்டு, அதற்கென்றே ஒரு பள்ளியைக் கட்டியெழுப்புவது தனித்து நின்ற நிறுவனங்களின் உண்மையான பங்களிப்பு. 1979இல் வர்கீஸ் குரியன் ஆனந்தில் நிறுவிய இர்மா, கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஊரகத் தொழில்களுக்கும் மேலாளர்களை உருவாக்கியது. பால் கூட்டுறவுக்கு நகரத்து எம்பிஏக்கள் வரமாட்டார்கள், வந்தாலும் தங்கமாட்டார்கள் என்ற நடைமுறைச் சிக்கலுக்கு அவர் கண்ட விடை அது. 1991இல் அகமதாபாத்தில் தொடங்கிய மைகா, விளம்பரத்தையும் தகவல்தொடர்பையும் தனி மேலாண்மைத் துறையாக எடுத்துக்கொண்டது. ஐஎஃப்எம்ஆர் நிதித்துறை ஆய்வில் ஊன்றியது. இவற்றில் எதையும் இணைப்புக் கல்லூரி முறையில் செய்திருக்க முடியாது. நூறு கல்லூரிகளுக்கும் ஒரே வினாத்தாள் என்ற முறையில், ஒரு கல்லூரி மட்டும் கூட்டுறவுச் சட்டத்தையும் கிராமக் களப்பணியையும் பாடமாக வைக்க வழியில்லை.

இரண்டாவது பங்களிப்பு கற்பிக்கும் முறையில். ஒரு நிறுவனம் சந்தித்த உண்மையான சிக்கலை எழுத்து வடிவில் கொடுத்து, "இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள்" என்று வகுப்பில் விவாதிக்க வைப்பது நேர்வாய்வு முறை. 1908இல் தொடங்கிய ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இதை வளர்த்தெடுத்தது. இந்த முறையில் ஒரே சரியான விடை என்று எதுவும் கிடையாது. ஆண்டு முடிவில் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு வைத்து, வேறோர் ஊரில் இருப்பவர் திருத்தும் அமைப்பில் இதைப் பொருத்த முடியாது. வகுப்பில் மாணவர் பேசியதற்கும், களப்பணிக்கும், குழு அறிக்கைக்கும் பாடம் நடத்திய ஆசிரியரே மதிப்பெண் தரும் சுதந்திரம் வேண்டும். எஸ்பிஜேஐஎம்ஆர் தன் மாணவர்களைச் சில வாரங்கள் ஊரகத் தொண்டு நிறுவனங்களில் பணியாற்ற அனுப்புவது அந்தச் சுதந்திரத்தின் நல்ல பயன்களில் ஒன்று.

மூன்றாவது, வேகம். கிரேட் லேக்ஸை 2004இல் நிறுவிய பாலா பாலச்சந்திரன், அமெரிக்காவின் கெல்லாக் பள்ளியில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்தவர். பணி அனுபவம் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகள் சம்பளத்தை விட்டுவிட்டுப் படிக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தில் அங்கே ஓராண்டுப் படிப்பு முதன்மை பெற்றது. ஃபிரான்சின் இன்சியாட் 1950களின் இறுதியிலேயே தொடங்கிவைத்த வடிவம் அது. இந்தியாவில் அதைப் பரவலாக்கியதில் ஐஎஸ்பிக்கும் கிரேட் லேக்ஸுக்கும் பெரிய பங்கு உண்டு.

## கட்டணத்தில் வாழும் நிறுவனம்

இந்தியாவில் கல்வி நிறுவனம் லாபம் ஈட்டும் தொழிலாக இருக்கக் கூடாது. டிஎம்ஏ பை அறக்கட்டளை வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு, அரசு உதவி பெறாத தனியார் நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே நிர்ணயிக்கலாம் என்றது. வளர்ச்சிக்கான நியாயமான உபரியை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. கொள்ளை லாபத்தையும் நன்கொடை வசூலையும் மறுத்தது. 2005இல் பி.ஏ.இனாம்தார் வழக்கு இதை மேலும் உறுதிப்படுத்தியது. தமிழ்நாட்டில் நன்கொடை வசூலுக்கு எதிரான சட்டம் 1992 முதலே இருக்கிறது.

சட்டம் இப்படி இருக்க, நடைமுறையில் தனியார் நிறுவனத்தின் பெரும்பகுதி வருவாய் மாணவர் கட்டணத்திலிருந்தே வருகிறது. அரசு மானியம் இல்லை. அமெரிக்கப் பள்ளிகளைத் தாங்கி நிற்கும் பெரிய அறநிதிகளும் இங்கே மிக அரிது. முன்னணித் தனியார் நிறுவனங்களின் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. இடங்கள் நிரம்பாவிட்டால் ஆசிரியர் சம்பளமே சிக்கலாகும் நிறுவனம், தகுதிக் குறைவானவரையும் சேர்த்துக்கொள்ளும், முழுநேர ஆசிரியருக்குப் பதில் மணிக்கணக்கில் வருபவரை வைத்துச் சமாளிக்கும், ஆய்வுக்குச் செலவிடாது, விளம்பரத்துக்குச் செலவிடும். நிறுவனர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதைவிட, கட்டணத்தை மட்டுமே நம்பிய அமைப்பு இயல்பாகவே அந்தத் திசையில் தள்ளப்படுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சமூக நீதியின் கேள்வியும் இங்கேதான் வருகிறது. 2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் சட்டப்படி ஐஐஎம்கள் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும். 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த 15(5) பிரிவு, சிறுபான்மையினர் நடத்துபவை தவிர்த்த தனியார் நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு கொண்டுவர அரசுக்கு வழிதிறந்தது. ஆனால் நாடெங்கும் உள்ள தனியார் பிஜிடிஎம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் எதுவும் இதுவரை இயற்றப்படவில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 20 லட்சம் ரூபாய்க் கட்டணமும், ஆங்கிலத்தில் நடக்கும் குழு விவாதமும் எப்படிப்பட்ட தடைகள் என்பதை இந்த நிறுவனங்கள் வெளிப்படையாகப் பேசுவதே குறைவு. நாட்டின் மேலாளர்களை உருவாக்குகிறோம் என்று சொல்பவர்களுக்கு இது பொறுப்பில்லாத மௌனம்.

## அனுமதி வேறு, தரச்சான்று வேறு, தரவரிசை வேறு

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து விளம்பரம் செய்வது வழக்கமாகிவிட்டது.

அனுமதி என்பது படிப்பை நடத்தலாம் என்ற ஒப்புதல். ஏஐசிடிஇ தரும் அனுமதி நீட்டிப்புக் கடிதத்தில் எந்தப் படிப்பு, எத்தனை இடங்கள், எந்தக் கல்வியாண்டு என்ற விவரம் இருக்கும். வளாகத்துக்கு அனுமதி இருப்பதும், நீங்கள் சேரும் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருப்பதும் வெவ்வேறு.

தரச்சான்று என்பது வெளியார் வந்து சோதித்துத் தருவது. நாக் அமைப்பு நிறுவனம் முழுவதையும் மதிப்பிடுகிறது. என்பிஏ அமைப்பு ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியே மதிப்பிடுகிறது. பன்னாட்டு அளவில் 1916இல் அமெரிக்காவில் உருவான ஏஏசிஎஸ்பி, 1967இல் பிரிட்டனில் உருவான ஆம்பா, ஐரோப்பிய அமைப்பு நடத்தும் ஈக்விஸ் ஆகிய மூன்றும் மதிக்கப்படுகின்றன. மூன்றையும் பெற்றால் 'மும்மகுடம்' என்பார்கள். இந்தியாவில் அதை முதலில் பெற்றது ஐஐஎம் கல்கத்தா. இந்த அமைப்புகளில் 'உறுப்பினர்' என்பது கட்டணம் கட்டிச் சேர்வது. 'தரச்சான்று பெற்றவர்' என்பது சோதனையில் தேறுவது. விளம்பரத்தில் சின்னத்தை மட்டும் அச்சிட்டிருந்தால் இரண்டில் எது என்று அந்த அமைப்பின் இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

தரவரிசை என்பது ஒப்பீடு. 2016இல் முதல் பட்டியலை வெளியிட்ட மத்திய அரசின் என்ஐஆர்எஃப், மேலாண்மைக்குக் கற்பித்தல் வளங்களுக்கு 30 விழுக்காடு, ஆய்வுக்கு 30, பட்டம் பெற்றோரின் நிலைக்கு 20, அனைவருக்கும் இடமளிப்பதற்கு 10, நற்பெயருக்கு 10 என்று எடை கொடுக்கிறது. தரவுகளை நிறுவனங்களே தருகின்றன என்பது அதன் பலவீனம். சராசரிச் சம்பளத்தைக் கேட்காமல் இடைநிலைச் சம்பளத்தைக் கேட்பது அதன் பலம். ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

## வேலைவாய்ப்பு அறிக்கைக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கணக்கைக் கற்பனை செய்துகொள்வோம். வகுப்பில் பத்து மாணவர்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் சம்பளம். இருவருக்கு 12 லட்சம். ஐந்து பேருக்கு 7 லட்சம். இருவருக்கு வேலை கிடைக்கவில்லை.

இதே வகுப்பை விளம்பரத்தில் இப்படி எழுதலாம்: அதிகபட்சச் சம்பளம் 40 லட்சம், சராசரி 12 லட்சத்துக்கும் மேல், வேலைவாய்ப்பு 100 விழுக்காடு. வேலை கிடைக்காத இருவரையும் 'வளாக வேலைவாய்ப்பில் பங்கேற்கவில்லை' என்று கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் போதும். எட்டுப் பேரின் மொத்தச் சம்பளம் 99 லட்சம். எட்டால் வகுத்தால் சராசரி 12.4 லட்சம் வந்துவிடுகிறது. எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் அவருக்கு 7 லட்சம்தான். அதுவே இடைநிலை. சேரப்போகும் மாணவர் தன்னை வைத்துப் பார்க்க வேண்டிய எண் அது. அதற்கும் கீழே கடைசிக் கால்பகுதியினரின் சம்பளத்தை எந்த நிறுவனம் வெளியிடுகிறதோ, அந்த நிறுவனத்தை நான் கூடுதலாக நம்புவேன்.

சம்பளம் என்று சொல்லப்படுவதும் பெரும்பாலும் கைக்கு வரும் தொகையைக் குறிப்பதில்லை. நிறுவனம் ஓர் ஊழியருக்காகச் செய்யும் மொத்தச் செலவு அது: வருங்கால வைப்பு நிதிக்கான நிறுவனத்தின் பங்கு, பணிக்கொடை, காப்பீடு, இலக்கை எட்டினால் மட்டுமே கிடைக்கும் ஊக்கத்தொகை, சில இடங்களில் ஒருமுறை மட்டுமே தரும் சேர்க்கைத் தொகை எல்லாம் அதில் அடங்கும். இந்த எண்களை எல்லோரும் ஒரே முறையில் வெளியிட வேண்டும் என்பதற்காக ஐஐஎம் அகமதாபாத் முன்னெடுத்து ஐபிஆர்எஸ் என்ற அறிக்கைத் தரநிலையை உருவாக்கியது. வெளித் தணிக்கையோடு அந்த முறையில் அறிக்கை தரும் தனியார் நிறுவனங்களும் உண்டு. தராதவர்களிடம், ஏன் தரவில்லை என்று கேட்பது மாணவரின் உரிமை.

## கடனும் சம்பளமும் சந்திக்கும் இடம்

வங்கியில் 15 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கி, படிப்புக் காலத்து வட்டியும் சேர்ந்து அது 18 லட்சமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் பத்து ஆண்டுகளில் திருப்பிக் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 23,800 ரூபாய். மொத்தச் செலவுக் கணக்கில் 8 லட்சம் என்று சொல்லப்படும் வேலையில், ஊக்கத்தொகை போன்றவை கழிந்தபின் மாதம் 55,000 ரூபாய் கைக்கு வந்தால், அதில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் தவணைக்கே போய்விடும். மிச்சத்தில் பெருநகர வாடகையும் சாப்பாடும் வீட்டுக்கு அனுப்பும் பணமும் அடங்க வேண்டும். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவில் எட்டு ஆண்டுகள் வரை கிடைத்த விலக்கும் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே.

கட்டணத்தைச் சராசரிச் சம்பளத்தோடு ஒப்பிட்டுச் சேர்ந்துவிட்டு, இடைநிலைச் சம்பளத்தில் தவணை கட்டுபவர்களின் சுமை இப்படித்தான் உருவாகிறது. அங்கீகாரம் இல்லாத படிப்பானால் வங்கி தன் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் கடன் தரத் தயங்கும். அந்தத் தயக்கமே ஓர் எச்சரிக்கை.

## பட்டயம் எங்கே இடிக்கும்?

தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்பவருக்குப் பட்டமா பட்டயமா என்பதால் பெரும்பாலும் வேறுபாடு இராது. வேலை தருபவர் பள்ளியின் பெயரைப் பார்க்கிறார். சில இடங்களில் மட்டும் அது குறுக்கே வரும்:

1. முனைவர் பட்ட ஆய்வில் சேர, கல்லூரி ஆசிரியராக. இதற்கு முதுநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். ஏஐசிடிஇ அனுமதியும் தரச்சான்றும் கொண்ட இரண்டாண்டு முழுநேர பிஜிடிஎம்முக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் எம்பிஏவுக்கு இணையென்ற சான்று தருகிறது. நிறுவனத்திடம் அந்தச் சான்று இருக்கிறதா என்பதைச் சேரும் முன் பார்ப்பது நல்லது.

2. அரசு, பொதுத்துறைப் பணிகள். பணி அறிவிக்கையில் 'எம்பிஏ அல்லது இணையான பட்டயம்' என்று இருந்தால் சிக்கல் இல்லை. 'பட்டம்' என்று மட்டும் இருந்தால் இணைச்சான்று கையில் இருக்க வேண்டும்.

3. வெளிநாட்டுக் குடியேற்றம், மேற்படிப்பு. மதிப்பீட்டு அமைப்புகள் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு முறையைப் பின்பற்றுகின்றன. ஓராண்டுப் படிப்புக்கு முழு முதுநிலைத் தகுதி கிடைக்கும் என்று முன்கூட்டியே எண்ணிவிடக் கூடாது.

## சேரும் முன் கேட்டுப் பெற வேண்டிய தாள்கள்

அனுமதி நீட்டிப்புக் கடிதமும், ஏஐசிடிஇ விதிப்படி நிறுவனம் தன் இணையதளத்தில் வைக்க வேண்டிய கட்டாயத் தகவல் அறிக்கையும் முதலில் வேண்டும். இரண்டாவதில் ஆசிரியர்களின் பெயர், தகுதி, கட்டணம், நிர்வாகக் குழு ஆகியவை இருக்கும். நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்தினர் மட்டும் இருந்தால் அந்த நிறுவனத்துக்குள் கேள்வி கேட்க யாரும் இல்லை என்று பொருள்.

தனியார் நிறுவனத்திடம் நேரடியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது பெரும்பாலும் பலிக்காது. ஆனால் ஒழுங்குமுறை அமைப்பு சட்டப்படி தனியாரிடமிருந்து பெறக்கூடிய தகவலை அந்த அமைப்பிடம் கேட்கலாம் என்று அச்சட்டத்தின் 2(எஃப்) பிரிவு இடமளிக்கிறது. ஐஐஎம்களின் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்க்கிறார். தனியார் பிஜிடிஎம் நிறுவனத்துக்கு அந்த ஏற்பாடு இல்லாததால், வெளியிலிருந்து கிடைக்கும் இத்தகைய சிறு வழிகளையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மிகாத நடைமுறைக் கட்டணம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்றும் ஏஐசிடிஇ அறிவுறுத்தியிருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் இதற்கு மாறான வரி இருந்தால் கையெழுத்திடுவதற்கு முன்பே அதை எழுத்தில் கேட்டுத் தீர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

## விதிகள் மாறினால்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்கல்விக்கு ஒரே தலைமை அமைப்பையும், இணைப்புக் கல்லூரி முறையைப் பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாகக் கைவிட்டுத் தகுதியான கல்லூரிகளே பட்டம் தரும் நிலையையும் முன்மொழிகிறது. அது முழுமையாக நடந்தால், சுதந்திரம் வேண்டுமானால் பட்டயம், பட்டம் வேண்டுமானால் இணைப்பு என்ற நெருக்கடியே இல்லாமல் போகும். நல்ல தனியார் பிசினஸ் ஸ்கூல்கள் தங்கள் பாடமுறையை இழக்காமல் எம்பிஏ தரமுடியும். அதே வேளையில், இன்று பல்கலைக்கழகத் தேர்வு என்ற ஒரே ஒரு வெளிச்சோதனையாவது உள்ள நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு அதுவும் இல்லாமல் போகலாம். பட்டம் தரும் உரிமையைப் பரவலாக்குவதற்கு முன்பாகவே, தணிக்கை செய்த வேலைவாய்ப்பு அறிக்கையையும் இடைநிலைச் சம்பளத்தையும் வெளியிடுவதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். அதற்குப் புதிய அமைப்பு உருவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏஐசிடிஇ அனுப்பும் அனுமதி நீட்டிப்புக் கடிதத்திலேயே அதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.